நகராட்சிக்கு வெளி ஆலோசகர் வைத்து சட்ட இணக்கச் சோதனை: கொடுத்த காசு தகுமா?

எங்கள் நகராட்சி எந்தெந்தச் சட்டத்தில், எந்தெந்த விதியில் மாட்டிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது என்று ஆராய்ந்து சொல்ல வெளியிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினோம். நான் அப்போது கணக்குப் பிரிவில் இருந்தேன். அவர்களுக்குக் கோப்பு எடுத்துக் கொடுப்பது, பிரிவு பிரிவாக அழைத்துப் போவது, சந்தேகம் தீர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பக்கத்து ஊர்களில் வேலையில் இருக்கும் நண்பர்கள் "நாங்களும் வைக்கலாமா, உருப்படியாக ஏதாவது செய்வார்களா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். ஊர்ப் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். கொங்குப் பக்கம் ஒரு நடுத்தர நகராட்சி, கோவையிலிருந்து வந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம், அது போதும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. கள வேலை மிக நன்றாக இருந்தது, ரிப்போர்ட் சுமார். அந்த ரிப்போர்ட்டின் வரைவில் இருந்த ஒரு குறையை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை, அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை வருஷா வருஷம் வருகிறதே, அப்புறம் எதற்கு இன்னொருவர் என்று மன்றக் கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தணிக்கைத் துறை முடிந்துபோன வருஷத்தைப் பார்க்கிறது: வவுச்சர் இருக்கிறதா, அனுமதி இருக்கிறதா, கேட்பு வசூல் நிலுவை கணக்கு ஒத்துப்போகிறதா. அடுத்த வருஷம் எங்கிருந்து நோட்டீஸ் வரும் என்று சொல்வது அவர்கள் வேலை இல்லை. ஒரு நகராட்சி இன்றைக்கு எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம் போய், 1998-இன் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. பழைய படிவமும் பழைய பிரிவு எண்ணும் இன்னும் பல மேசைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. டெண்டருக்கு ஒரு சட்டம், ஜிஎஸ்டி, வருமான வரிப் பிடித்தம், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ, குப்பைக்குத் தனி விதிகள், அதன் பின்னால் பசுமைத் தீர்ப்பாயம், கழிவுநீர்த் தொட்டிக்கு 2013-ஆம் வருஷத்துச் சட்டம், தகவல் உரிமைச் சட்டம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிரிவில் கிடக்கிறது. சுகாதாரப் பிரிவுக்கு ஜிஎஸ்டி தெரியாது, கணக்குப் பிரிவுக்குக் குப்பைக் கிடங்கு பற்றித் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் ஆணையர் ஒருவர்தான், அவரும் ஒரே ஊரில் நிலையாக இருப்பவர் இல்லை.

மன்றத்தை ஒத்துக்கொள்ள வைத்தது இதில் எதுவும் இல்லை, மானியம்தான். பதினைந்தாவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரையிலான மானியத்துக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று, முந்தைய வருஷத்தின் தற்காலிகக் கணக்கும் அதற்கு முந்தைய வருஷத்தின் தணிக்கை முடிந்த கணக்கும் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும் என்பது. கணக்கு ஏறவில்லை என்றால் பணம் இல்லை. எங்கள் ஊரில் அது தாமதமாகி நெருக்கடி வந்த பிறகுதான், வேறு எதெல்லாம் இப்படி நம் கண்ணில் படாமல் இருக்கிறதோ என்ற பயம் எல்லோருக்கும் வந்தது.

ஆளைத் தேர்ந்தெடுத்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி ஊர்கள் இங்கேயே கோட்டை விடுகின்றன. சென்னையிலிருந்து ஒரு பெரிய நிறுவனமும் வந்தது. கோட்டு சூட்டோடு வந்தார்கள், திரையில் அழகழகான படங்கள் காட்டினார்கள், மாதிரி ரிப்போர்ட் ஒன்றும் கொடுத்தார்கள். அதைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் "மேயர்" என்று இருக்கிறது. மேயர் இருப்பது மாநகராட்சிக்கு. நகராட்சியில் இருப்பவர் நகர்மன்றத் தலைவர். கம்பெனிச் சட்டத்தின் விதிகள் சிலவும் பட்டியலில் இருந்தன, நகராட்சிக்கு அவை பொருந்தவே பொருந்தாது. யாருக்கோ செய்ததைத் தூசி தட்டி எங்களிடம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு விண்ணப்பம், எங்களுக்கு மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிற ஆடிட்டரிடமிருந்து. கட்டணம் மிகக் குறைவு. ஆனால் தான் போட்ட ரிட்டர்னில் இருக்கும் பிழையை அவரே எப்படி எழுதுவார்? அதை வேண்டாம் என்று தள்ளியது நல்ல முடிவு. தகுதி விவரம் ஒரு உறையிலும் விலை இன்னொரு உறையிலும் வாங்குகிற இரட்டை உறை முறையில் தொழில்நுட்ப உறையைப் பிரிக்கும்போது, ஏற்கெனவே நகராட்சி வேலை பார்த்த அனுபவத்துக்கு அதிக மதிப்பெண் வைத்திருந்தோம், அதனால்தான் கோவை நிறுவனம் மேலே வந்தது. குறைந்த விலை ஒன்றை மட்டுமே பார்த்து இந்த வேலையைக் கொடுத்தால் காகிதம்தான் கிடைக்கும்.

அந்த நிறுவனத்தின் பங்குதாரர் எப்போதாவது வருவார், உண்மையான வேலையைச் செய்தவர்கள் இரண்டு இளைஞர்கள், ஒரு பையன், ஒரு பெண். வந்த உடனே அவர்கள் கேட்டது நிலுவையில் இருக்கும் தணிக்கைத் தடைகளின், அதாவது தணிக்கைத் துறை ஆட்சேபம் எழுப்பி இன்னும் தீராதவற்றின் பட்டியலை. எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. எந்த நகராட்சியின் நோயும் அந்தப் பட்டியலில் எழுதித்தான் இருக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தப் பெண் வேலை செய்த விதத்துக்கு ஒரு உதாரணம். பொறியியல் பிரிவிலிருந்து சாலைப் பணிக் கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, பணி உத்தரவு, முடிந்த வேலையை அளந்து பதியும் அளவைப் புத்தகம், பணம் கேட்கும் பட்டியல் (பில்) மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, தேதிகளை மட்டும் பென்சிலால் ஒரு தாளில் குறித்தார். அளவெடுத்த தேதி பணி உத்தரவுத் தேதிக்கு முன்னால் இருந்தது. உத்தரவு கொடுப்பதற்கு முன்பே வேலை முடிந்து அளந்தும் ஆகிவிட்டது என்றுதானே அதற்கு அர்த்தம். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "சார், இது ஒரு கோப்பில் மட்டும்தானா என்று பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தார். டெண்டர் விஷயமும் இப்படித்தான். வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுக்கக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் வேண்டும். குறைக்கலாம், ஆனால் மேல் அலுவலர் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். எங்கள் கோப்புகளில் காரணம் என்று இருந்தது "அவசரம் கருதி" என்ற ஒரே வரி. சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலைக்கும் அதே வரி. நீதிமன்றத்துக்கு ஒரு ஒப்பந்ததாரர் போனால் நிற்காது என்று அவர்கள் எழுதியது முழுக்கச் சரி.

கடை வாடகை ஜிஎஸ்டிதான் பணக் கணக்கில் பெரிய கண்டுபிடிப்பு. நகராட்சிக் கடையை ஜிஎஸ்டி பதிவு உள்ளவருக்கு வாடகைக்கு விட்டால் வரியை அவரே ரிவர்ஸ் சார்ஜில் கட்டிக்கொள்வார், இது 2018 ஜனவரியிலிருந்து. பதிவு இல்லாத சின்னக் கடைக்காரர் என்றால் வாடகையோடு 18 சதவீதம் வசூலித்து நகராட்சிதான் கட்ட வேண்டும். எங்கள் கடைக் குத்தகைப் பதிவேட்டில் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரு கட்டமே கிடையாது. அதாவது யார் எந்த வகை என்றே எங்களுக்குத் தெரியாது, ஏதோ ஒரு ஊகத்தில் ரிட்டர்ன் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பையன் வரி வசூலரைக் கூட்டிக்கொண்டு பேருந்து நிலைய வளாகத்தில் கடை கடையாக ஏறி இறங்கினான். பதிவுச் சான்றிதழைக் கடையில் பார்வையில் படும்படி மாட்ட வேண்டும் என்பது விதி, அதனால் சுவரைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பார்த்தால் இன்னொன்றும் சேர்ந்து வந்தது: சான்றிதழில் ஒரு பெயர், எங்கள் குத்தகையில் வேறு பெயர். உள்வாடகை. நகராட்சிக்கு ஒருவர் கட்டுகிற வாடகைக்கும் அவர் உள்ளே இருப்பவரிடம் வாங்குகிற வாடகைக்கும் நடுவில் இருக்கும் பணம் ஊருடைய பணம். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் என்று வருவாய்ப் பிரிவில் சொன்னார்கள். தெரிந்திருந்தும் எந்தக் கோப்பிலும் இல்லையே.

வெளி ஆளுக்குக் கொடுக்கிற காசு எதற்காக என்பதை அப்போதுதான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன். அவர்கள் கண்டுபிடித்ததில் பெரும்பாலானவை உள்ளே இருக்கும் யாரோ ஒருவருக்குத் தெரிந்தவை. ஆனால் ஒரு இளநிலை உதவியாளர், பக்கத்து அறைப் பொறியாளரின் அளவைப் புத்தகத்தில் தேதி சரியில்லை என்று குறிப்பு எழுதிவிட்டு நாளைக்கும் அதே கட்டடத்தில் வேலை பார்க்க முடியுமா? ஒரு மன்ற உறுப்பினரின் சொந்தக்காரர் வைத்திருக்கும் கடையில் உள்வாடகை என்று வரி வசூலர் எழுதுவாரா? மாற்றல் வரும், இல்லாவிட்டால் மெமோ வரும். வெளியிலிருந்து வருபவர் எழுதலாம், கையெழுத்துப் போடலாம், ஊருக்குப் போகலாம். அவர் எழுதிய பிறகு உள்ளே இருப்பவர்களும் தைரியமாகப் பேசினார்கள், அதை நான் கண்ணால் பார்த்தேன்.

பிஎஃப் விஷயம் எனக்கு மிகவும் மனசைத் தொட்டது. தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறோம். ஒப்பந்ததாரர் மாதாமாதம் தன் பில் பட்டியலோடு, யார் யாருக்கு பிஎஃப் கட்டினார் என்று காட்டும் ஈசிஆர் நகலை இணைப்பார், நாங்களும் இணைப்பு இருக்கிறது என்று டிக் அடித்துப் பாஸ் செய்வோம், நடைமுறை அதுதான். இவர்கள் அந்த நகலை வார்டு வருகைப் பதிவேட்டோடு பெயர் பெயராக ஒப்பிட்டார்கள். பதிவேட்டில் இருக்கும் சில பெயர்கள் ஈசிஆரில் இல்லை. ஈசிஆரில் இருக்கும் சில பெயர்களை எங்கள் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அதோடு நிறுத்தாமல் காலை வருகைக்கு ஆட்கள் கூடும் இடத்துக்கே போனார்கள். அங்கே ஒரு அம்மா, "பாரு கண்ணு, சம்பளத்துல மாசாமாசம் பிடிக்கிறாங்க, இங்க ஒண்ணும் ஏறவே மாட்டேங்குது" என்று உமங் செயலியைத் திறந்து காட்டினார். பாஸ்புத்தகத்தில் வரவு ஒரு மாதத்தோடு நின்றுபோயிருந்தது. அவருடைய மகன் செயலியைப் போட்டுக் கொடுத்ததால் அவருக்குத் தெரிந்தது, கூட நின்ற மற்றவர்களுக்குப் பார்க்கவே தெரியவில்லை. அந்தப் பெண் அங்கேயே நின்று, கேட்டவர்களின் போனில் எல்லாம் செயலியை நிறுவிக் கொடுத்தார். அது அவர்களுடைய வேலைப் பட்டியலில் இல்லை.

ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் அது நகராட்சியின் தலையில்தான் விடியும், வட்டியும் அபராதமும் சேர்த்து. இதை ரிப்போர்ட் நன்றாகவே எழுதியிருந்தது. பட்டியலைப் பாஸ் செய்வதற்கு முன் வருகைப் பதிவேட்டோடு பெயர்களை ஒப்பிட்டுக் கணக்குப் பிரிவு கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு நடைமுறையும் வகுத்துக் கொடுத்தார்கள். நான் ஓய்வு பெறும் வரை அது நடந்தது.

மற்றவை பெரிதாக இல்லை. வருமான வரிப் பிடித்தத்தை (டிடிஎஸ்) தாமதமாகக் கட்டினால் மாதத்துக்கு ஒன்றரை சதவீத வட்டி, அறிக்கை தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். இரண்டும் எங்கள் ஊரில் பொது நிதியிலிருந்து போயிருந்தன, சரிசெய்துகொண்டோம். தகவல் உரிமைச் சட்டத்தின் நாலாவது பிரிவில் தாமாகவே வெளியிட வேண்டிய 17 விவரங்கள் எங்கள் இணையதளத்தில் எந்தக் காலத்தோ. அதையும் குறித்திருந்தார்கள். பிறப்பு இறப்பு, வரி, குடிநீர் என்று ஊரே தன் விவரங்களை எங்களிடம் கொடுத்து வைத்திருக்கிறது, ஆனால் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தார்கள், அது போதவே போதாது.

இனி நான் ஒன்றரை மதிப்பெண் குறைத்ததற்கான காரணம். வரைவு ரிப்போர்ட்டில் எல்லா ஆபத்துகளையும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருந்தார்கள். நடக்கும் வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் இழப்பு எவ்வளவு, இரண்டையும் பெருக்கி வரிசை. மேலே ஜிஎஸ்டி, அதற்குக் கீழே பிஎஃப், அதற்கும் கீழே டெண்டர். கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடை சுத்தம் செய்வது எங்கே என்று தேடினேன். நடுவில் எங்கேயோ மஞ்சளில் இருந்தது. ஏன் என்று கேட்டால் பங்குதாரர் சொன்னார்: கடந்த வருஷங்களில் எங்கள் ஊரில் சம்பவம் எதுவும் இல்லை, அதனால் வாய்ப்புக்கு மதிப்பெண் குறைவு, இழப்பீடும் ஜிஎஸ்டி நிலுவையை விடக் குறைவு.

எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை. மனிதரைத் தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடைசெய்கிறது, முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். உயிர் போனால் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்தை விடுங்கள். செப்டிக் டேங்க் வாயு யாருக்கும் அவகாசம் கொடுப்பதில்லை, முதலில் இறங்கியவர் மயங்கினார் என்று தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன செய்தி நம் மாநிலத்தில் எத்தனை முறை வந்திருக்கிறது. சம்பவம் இல்லை என்பது எங்கள் ஊரின் அதிர்ஷ்டம் மட்டுமே, ஏற்பாடு சரியாக இருந்ததற்கான சான்று கிடையாது. ஊருக்குள் ஓடுகிற கழிவுநீர் லாரிகள் எல்லாமே உரிமம் வாங்கியவையா, ஆட்களிடம் பாதுகாப்புக் கருவி இருக்கிறதா, 14420 என்ற உதவி எண் இருப்பது மக்களுக்குத் தெரியுமா என்று இவர்கள் ஒருவரையும் கேட்கவில்லை. கடை கடையாக ஏறி இறங்கத் தெரிந்தவர்கள் ஒரு லாரி ஓட்டுநரிடம் பேசியிருக்கலாம் இல்லையா?

சுகாதார அலுவலரும் நானும் சேர்ந்து எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தோம். உயிர் சம்பந்தப்பட்ட எதையும் ரூபாயோடு பெருக்கி வரிசைப்படுத்தக் கூடாது, அது தனிப் பட்டியலாக முதல் பக்கத்தில் வர வேண்டும் என்றோம். நிறைய வாதத்துக்குப் பிறகு இறுதி ரிப்போர்ட்டில் அப்படியே மாற்றினார்கள், லாரிகளையும் போய்ப் பார்த்தார்கள். மாற்றியதற்கு நன்றி. ஆனால் கேட்டிருக்காவிட்டால் மஞ்சளாகவே போயிருக்கும், ஆணையர் மேலே இருக்கும் சிவப்பு வரிகளை மட்டும் படித்திருப்பார். வேறு ஊர்களில் வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது வேலை ஆரம்பிக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறை, ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். நகராட்சியில் கோப்பு தமிழ், பொருள்நிரல் தமிழ், தீர்மானம் தமிழ், மன்ற உறுப்பினர்கள் பேசுவது தமிழ். தடிமனான ஆங்கிலப் புத்தகத்தை அவர்கள் முன் வைத்தால் என்ன செய்வார்கள்? ஒரு பெண் உறுப்பினர் நேராகவே கேட்டார், "எங்களுக்குப் புரியக் கூடாதுன்னே இப்படி எழுதுறீங்களா?" அதற்கப்புறம்தான் நாலு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் வந்தது, அதுவும் நானும் தட்டச்சரும் உட்கார்ந்து செய்தது. பரிந்துரைகளிலும் பல இடங்களில் "பயிற்சி அளிக்கலாம்", "உடனடி நடவடிக்கை" என்றே இருந்தது. யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், எந்தப் பதிவேட்டில் என்று இல்லாத பரிந்துரை கோப்பில் தூங்கத்தான் போகிறது.

ரிப்போர்ட் வந்த பிறகு அதைக் கடைசி வரை "வரைவு" என்றே வைத்திருக்கலாம், தகவல் உரிமையில் கேட்டால் இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிவிடலாம் என்ற யோசனை அலுவலகத்தில் வந்தது. நிறுவனமும் அதற்கு மறுப்பு சொல்லாமல் இருந்தது. ஊர்ப் பணத்தில் வாங்கிய ரிப்போர்ட் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று தலைவர் உறுதியாக இருந்ததால் மன்றத்தில் வைக்கப்பட்டது. எல்லா ஊரிலும் அப்படித் தலைவர் கிடைப்பார் என்று நம்பி இருக்க வேண்டாம். இறுதி ரிப்போர்ட்டை இத்தனை நாளுக்குள் மன்றத்தில் வைக்க வேண்டும் என்பதை வேலை ஒப்படைக்கும் தீர்மானத்திலேயே போட்டுவிடுங்கள்.

மறுபடியும் இதே நிறுவனத்தை வைப்பேனா என்று கேட்டால், வைப்பேன், அந்த இரண்டு இளைஞர்களே வருவார்கள் என்று பெயர் போட்டு எழுதிக் கொடுத்தால். கட்டணத்தில் கால் பங்கை நிறுத்தி வைத்து, ஆறு மாதம் கழித்து அவர்கள் திரும்ப வந்து எது நடந்தது, எது நடக்கவில்லை என்று மன்றத்தில் தமிழில் சொன்ன பிறகுதான் கொடுக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லை, ரிப்போர்ட் கொடுத்த நாளோடு அவர்கள் பொறுப்பு முடிந்துபோனது. சின்னப் பேரூராட்சி என்றால் இவ்வளவு செலவு தேவையில்லை. தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற, பெயர் கெடாத ஒருவரைப் பிடித்து, நிலுவைத் தடைகள், பிஎஃப் நகல்கள், கழிவுநீர் லாரி உரிமங்கள் இந்த மூன்றை மட்டும் பார்க்கச் சொன்னாலே முக்கால்வாசி வெளியே வந்துவிடும்.